இசைத்தட்டில் இட்ட பொட்டு

சந்தனம் காய்ந்து தடித்திருந்த அந்தச் சின்ன இசைத்தட்டைக் கோயில் கமிட்டித் தலைவர் ஐயாவு இரு கைகளிலும் ஏந்தி வந்தார். உற்சவத் திருமேனியைக் கருவறையிலிருந்து எடுத்து வருபவர் எவ்வாறு மூச்சடக்கிக் காலடி வைப்பாரோ, அவ்வாறே கோப்பெங் சாலையிலிருந்த ஸ்கந்தராஜாவின் வீட்டுப் படிகளில் ஏறினார். சற்றுப் பின்னால் செல்லாயி வந்தாள். ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ வரை ஒரே பஸ்ஸில் வந்திருந்தும் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

"வாங்கோ, வாங்கோ. மழை இருட்டிக்கொண்டு வருது. கரண்ட் போக முன்னம் வேலையை முடிச்சுப்போடுவம்," என்றார் ஸ்கந்தராஜா. ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தவர். இசைத்தட்டுகளைப் பழுதின்றி ஒலிக்கச் செய்வதைப் பூசைக்கு அடுத்த நியமமாகக் கொண்டவர். வளைந்த தட்டையும் படியவைத்துப் பாடச் செய்வார் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

செல்லாயி வாசலிலேயே நின்றாள்.

"உள்ளே வாரும் பிள்ளை," என்றாள் அவர் மனைவி அம்பிகை. "இவர் ஆரையும் கடிக்க மாட்டார். அந்தப் பெட்டிக்கு மேலே தேத்தண்ணிக் கோப்பையை வைச்சால் மட்டும்தான் கடிப்பார்."

ஐயாவு சிரிக்கவில்லை. "நானும் கூட வரணும்னு கமிட்டில வந்து நின்னா. வரட்டும்னு சொல்லிட்டேன். எனக்கென்ன பயம்?"

"பயமெல்லாம் எனக்குத்தாண்ணே," என்றாள் செல்லாயி. அதில் குத்தல் இல்லை. அவள் உண்மையிலேயே அஞ்சியிருந்தாள்.

வெள்ளப்பாறை ரப்பர் தோட்டம் துண்டுபட்டு விற்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பால்மரம் சீவியவர்கள் ஜெலாப்பாங் ஆலைகளுக்கும் பத்து காஜா நகர மருத்துவமனை வேலைகளுக்கும் சிதறிப் போனார்கள். ஆயினும் மாரியம்மன் திருவிழாக் காலையில் எல்லோரும் பழைய தொழிலாளர் லயத்துக் கோயிலில் கூடுவார்கள். அம்மன் தேரேறுவதற்கு முன் இந்தத் தட்டு ஒலிக்கவேண்டும். பாட்டு முடியும் வரை தேர்வடத்தை ஒருவரும் தொடுவதில்லை.

மலேசியா பிறந்த ஆண்டில் தோட்டத்து மாதர் பஜனைக் குழு சிங்கப்பூர் சென்று பாடிய பதிகம் அது. தலைக்குரலாய் யாரை வைப்பது என்று அன்று முடிவாகவில்லை. ஆகவே பதிவுக்காரர் முதலில் ஐயாவுவின் மனைவி பாப்பாவை முன்பாட்டுப் பாடச் சொல்லி ஒருமுறை பதிந்தார். அடுத்துச் செல்லாயியை முன்னிறுத்தி மறுமுறை பதிந்தார். இரண்டில் எதைத் தட்டில் ஏற்றினார் என்று எழுதி அனுப்பவில்லை. தட்டின் மேல் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. அது தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பாப்பா காய்ச்சலில் இறந்துபோனாள்.

புதிதாக வந்த எதுவும், வண்டியோ மண்வெட்டியோ, சந்தனமும் குங்குமமும் இடப்படாமல் முதல் வேலைக்கு இறங்காது. அது அவர்கள் வழக்கம். ஐயாவு தட்டின் இரு முகங்களிலும் நடுத்துளையைச் சுற்றிச் சந்தனம் குழைத்து அப்பி, துளையருகே குங்குமப் பொட்டு வைத்தார். சுமங்கலியாய்ப் போன மனைவியின் நெற்றிக்கு வைப்பதுபோல வைத்தார். அதன் பின்னரே தட்டு முதன்முதலாகச் சுழன்றது. ஆண்டுதோறும் பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம் ஏறியது.

அன்று ஒலிபெருக்கியில் வந்தது கனத்த, இழைந்து இழைந்து அசையும் குரல். அது பாப்பாதான் என்றார் ஐயாவு; தோட்டமும் நம்பியது. செல்லாயியின் குரலோ மெலிந்து உயர்ந்தது. ஆனால் இரண்டாம் அடியில், ஒரு சொல்லின் நடுவே, மூச்சு முட்டி விட்ட சின்ன இடைவெளியைச் செல்லாயி கேட்டாள். அது தான் செய்த பிழை என்று அவள் அறிவாள். "இது நான் பாடினது," என்றாள். செத்தவள் பேரைத் திருடுகிறாள் என்று கூட்டம் சீறியது. அவள் சந்நிதியில் எரிந்த சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவள் கணவன் சன்னாசியின் மேல் மரம் விழுந்தது. தோட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது: பொய்ச்சத்தியம் குடும்பத்தை அறுத்தது. இப்போது அவள் மகள் நவமணியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் தேநீர் குடிக்கும் வரை சிரிக்கிறார்கள்; பக்கத்து வீட்டில் விசாரித்தபின் வருவதில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அந்தக் கனத்த குரலைக் கேட்டுக் கேட்டுச் செல்லாயிக்கே ஐயம் வந்துவிட்டது. தான் அம்மன் முன்னால் பொய்தான் சொன்னோமோ? சன்னாசியைக் கொன்றது தன் வாய்தானோ?

போன மாதம் லாரியின் முன்கண்ணாடியடியில் கிடந்து வெயிலில் தட்டு வளைந்துவிட்டது. விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறலும் கண்டது. கேசட்டில் ஏற்றிவிட்டுத் தட்டை அம்மன் காலடியில் பெட்டிக்குள் வைத்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. கேசட்டின் தொடக்கத்தில் தலைவர் ஐயாவுவே மைக்கில் பேசிப் பாடியவர் பெயரைச் சொல்லவேண்டும். நாளை திருவிழா. இன்றோடு அந்தத் தட்டு வாய்மூடும். அதன் பிறகு அவளுக்குச் சாட்சி இல்லை.

ஸ்கந்தராஜா பிளேயரின் மூடியைத் திறந்தார். சுழலும் தளத்தின் மேல் மஞ்சள் கலந்த ரப்பர் விரிப்பு ஒன்று வட்டமாக வெட்டிப் போடப்பட்டிருந்தது. செல்லாயி மூக்கைச் சுருக்கினாள்.

"ஒட்டுப்பால் வாடை அடிக்குது."

"ரப்பர் ஷீட்தான். முதலிலே கம்பளித் துணி போட்டன், பிறகு தக்கை போட்டன். தட்டை நழுவ விடாமல் பிடிக்கிறதிலேயும், கீழிருந்து வாற அதிர்வை விழுங்கிறதிலேயும் இதுக்கு ஈடில்லை."

"நாங்க சீவின பாலு இங்கன வந்து பாட்டுக்குப் பாய் விரிச்சிருக்கு, பாத்தீங்களாண்ணே?"

ஐயாவு தட்டைத் தாமே நடு ஆணியில் பொருத்தினார். அதன் விளிம்பு ஒரு பக்கம் தூக்கி நின்றது. ஸ்கந்தராஜா பித்தளைக் குமிழ் போன்ற கிளாம்பை எடுத்து ஆணியில் திருகி, தட்டை விரிப்போடு அழுத்த முயன்றார். பாதியில் நிறுத்திவிட்டார். கீறலிலிருந்து 'டிக்' என்று ஓர் ஒலி வந்தது.

மூவரும் அசையவில்லை.

"இல்லை," என்று கிளாம்பைத் தளர்த்தினார் ஸ்கந்தராஜா. "மேலேயும் கீழேயும் சந்தனக் கட்டி. தட்டு விரிப்பிலே படவே இல்லை. கட்டிக்கு மேலே குந்திக்கொண்டு நிக்குது. இறுக்கினால் வெடிச்சுப்போடும்."

"கிளாம்ப் வேணாம். அப்படியே போடுங்க. கோயில்ல அப்படித்தானே போடுறோம்?" என்றார் ஐயாவு.

"போடுறன். ஆனால் ஊசி அந்தக் கீறலைக் கடக்கிற ஒவ்வொரு தரமும் அது உள்ளுக்கு ஓடும். எத்தனை தரம் தாங்கும் எண்டு எனக்குத் தெரியாது."

ஊசி இறங்கியது. பட்டறையில் துருத்தி ஊதுவதுபோல இரைச்சல்; அதன் நடுவே ஐயாவு அறிந்த குரல் எழுந்தது.

*வெள்ளப் பாறையில் வீற்றிருப்பாய் — எங்கள்*
*உள்ளப் பாறையும் உருக்கிடுவாய்...*

ஐயாவுவின் கண்கள் மூடின. "பாப்பா," என்றார், யாருக்கும் சொல்லாமல். செல்லாயியின் முகம் வெளிறியது. அது தன் குரல் அன்று. எந்த இருளிலும் எந்தத் தொலைவிலும் அதைத் தன் குரல் என்று ஒருத்தி சொல்ல முடியாது. அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஸ்கந்தராஜா மட்டும் காதால் கேட்கவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று ஊசியைத் தூக்கினார்.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்றார் ஐயாவு.

"இஞ்சை வந்து பாருங்கோ. ரெண்டு பேரும்." ஊசி படாமல் தட்டைச் சுழலவிட்டார். "விரிப்பின்ர ஓரத்திலே ஒரு வெள்ளை மறு தெரியுதா? தட்டிலே உங்கடை குங்குமப் பொட்டு. ரெண்டும் ஒண்டுக்கு நேர் ஒண்டாய்ச் சுத்துது. இப்ப பாருங்கோ." ஊசியை ஓரப் பள்ளத்தில், பாட்டு தொடங்கும் முன்னுள்ள வெறுமையில், இறக்கினார்.

வெள்ளை மறு தன் வேகத்தில் சுற்றியது. குங்குமப் பொட்டு பின்தங்கத் தொடங்கியது. முதலில் ஒரு விரல் அளவு. பிறகு கால் வட்டம். தேர் முன்னே போக, வடம் நழுவிய கையோடு பின்னால் நின்றுபோனவளைப் போல அந்தச் சிவப்பு மெல்ல மெல்லப் பின்னடைந்தது.

"தளம் சரியாய்த்தான் ஓடுது. தட்டு அதோடை போகேல்லை. பிடிப்பில்லாமல் வழுக்குது. வழுக்கினால் பாட்டு மெதுவாகும். மெதுவானால் குரல் கனக்கும், அலையும். நீங்கள் இவ்வளவு காலமும் கேட்டது ஒரு மனிசரின்ர குரல் இல்லை, ஐயாவு. இழுபட்ட குரல்."

"அப்ப நிசக் குரல்?" என்றாள் செல்லாயி. கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று அஞ்சினாள்.

"சந்தனத்தைக் கழுவினால் தெரியும்."

ஐயாவு தட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "முடியாது."

"தண்ணி நடுவிலே மட்டும்தான் படும், நான்..."

"முடியாதுங்க சார்! அவ பொட்டோட போனவ. பொட்டோட, பூவோட. என் கையால அந்தப் பொட்ட அழிக்கச் சொல்றீங்களா? நான் உசிரோட இருக்கறப்ப?" பின் செல்லாயியின் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தானே வந்த? அவ பேர எடுத்தது பத்தாதுன்னு பொட்டையும் எடுக்க வந்தியா?"

கல்மலைகளுக்கு அப்பால் இடி உருண்டது. விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. அம்பிகை அடுக்களை வாயிலில் வந்து நின்றாள்.

செல்லாயி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாம், ஐயத்தோடேயே வாழ்ந்துவிடலாம். கழுவிய பின்னும் அது பாப்பாவாகவே இருந்துவிட்டால், சன்னாசியின் சாவு அவள் தலையில் என்றென்றைக்குமாக வந்து உட்காரும். ஆனால் வீட்டில் நவமணி இருந்தாள்.

"நான் அதத் தொடமாட்டேண்ணே," என்றாள். "அழிக்கச் சொல்லவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். அது பாப்பாவாவே இருக்கட்டும். அவ இப்படியா பாடுவா? பேய் இழுத்த மாதிரி? நீங்க கட்டினவளோட குரல நீங்க இன்னும் ஒருதரம்கூடக் கேக்கல. அவ செத்ததுலேருந்து ஒருதரம்கூட."

ஐயாவு தட்டைக் குனிந்து பார்த்தார். பல ஆண்டுச் சந்தனம் மண்கட்டி போல வெடித்திருந்தது. அதன் மேல் கடைசியாக வைத்த குங்குமம் மட்டும் சிவப்பாக இருந்தது. அவரை இளக்கியது நியாயம் அன்று, ஆசை. அவளை ஒருமுறை, இழுபடாமல், கேட்கும் ஆசை.

"ஒரு கிண்ணம் குடுங்கம்மா," என்றார் அம்பிகையிடம். "காலு படாத தண்ணி."

வெண்கலக் கிண்ணம் வந்தது. அவர் தோளிலிருந்த துண்டின் முனையை நனைத்தார். முதலில் குங்குமத்தின் மேல் வைத்தார், கை நகரவில்லை. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. வேண்டுதலாக இருக்கலாம், மன்னிப்பாக இருக்கலாம். பிறகு துடைத்தார். சந்தனம் அடுக்கடுக்காகக் கரைந்து வந்தது. வாசம் அறையை நிறைத்தது. ஒரு துளி தரையில் விழாமல் எல்லாவற்றையும் கிண்ணத்தில் பிழிந்தார். அதை அம்பிகை இரு கையாலும் வாங்கிப்போய் முற்றத்துத் துளசியின் அடியில் ஊற்றினாள்.

வெறுமையான தட்டு இப்போது விரிப்பின் மேல் தாழ்ந்து உட்கார்ந்தது. ஸ்கந்தராஜா கிளாம்பைத் திருகினார். தூக்கி நின்ற விளிம்பு மெல்ல இறங்கியது. அவர் விரல்கள் நின்றன. கீறலில் காதை வைத்துக் கேட்டன போலிருந்தன. மீண்டும் ஒரு சிறு திருகல். தட்டு விரிப்போடு ஒட்டிப் படிந்தது. 'டிக்' ஒலி வரவில்லை.

"போடுறன்."

இரைச்சல் பாதியாகியிருந்தது. மிருதங்கம் மரமும் தோலுமாகத் தனித்து நின்றது. அதன் மேல் குரல் எழுந்தது. மெலிந்த, உயர்ந்த, அச்சமறியாத ஒரு பெண்ணின் குரல். இரண்டாம் அடியில், சொல்லின் நடுவில், மூச்சு முட்டி ஒரு கணம் நின்று மீண்டும் ஓடியது.

செல்லாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் சத்தமின்றி அந்தச் சொற்களோடு அசைந்தது. மூச்சு முட்டிய இடத்தில் அவள் மூச்சும் முட்டியது.

"இது இல்ல," என்றார் ஐயாவு. "வேகமா ஓட விடுறீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்க."

"வேகம் சரி. வேகம் பார்க்கத்தான் தளத்தின்ர ஓரத்திலே புள்ளியள் வைச்சிருக்கு; இந்த விளக்கு வெளிச்சத்திலே பாருங்கோ, சுத்தினாலும் அசையாத மாதிரி நிக்குது. தப்பான வேகம் எண்டால் நகரும்."

"புள்ளி என்னங்க புள்ளி! எங்க அவ? எங்க என் பாப்பா?"

யாரும் தடுப்பதற்குள் ஐயாவுவின் கை நீண்டது. சுழலும் தளத்தின் ஓரத்தில் விரலை வைத்துவிட்டார். அவர் எண்ணியது நிறுத்துவதற்கு. ஆனால் விரல் பட்டதும் தளம் தளர்ந்தது. தளர்ந்ததும் அந்த மெலிந்த குரல் கீழிறங்கியது. இறங்கி இறங்கிக் கனத்து, அலைந்து, அவர் ஆண்டுதோறும் கண்மூடிக் கேட்ட அந்தக் குரலாயிற்று. பாப்பா வந்துவிட்டாள். அவர் விரலடியில்.

அவர் உறைந்து நின்றார். விரலைச் சற்றே தூக்கினார். செல்லாயி பாடினாள். விரலை வைத்தார். பாப்பா பாடினாள். மறுபடி தூக்கினார்.

ஸ்கந்தராஜா அவர் மணிக்கட்டைப் பற்றினார். "போதும் ஐயாவு. கீறல் ஓடுது." ஊசி உயர்ந்தது. அறையில் மழையின் முதல் துளிகள் தகரக் கூரையில் விழும் ஒலி மட்டும் இருந்தது. மயிரிழைக் கீறல் முன்னைவிட நீண்டிருந்தது. "இன்னும் ஒருதரம் தாங்கும். அதுக்கு மேலே எனக்கு நம்பிக்கை இல்லை. பதியிறதெண்டால் இப்பவே பதிய வேணும்."

ஐயாவு நாற்காலியில் அமர்ந்தார். தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப... அவ குரல் எங்கயுமே இல்லியா?"

செல்லாயி சுவரை விட்டு நிமிர்ந்தாள். வென்றவளின் முகம் அன்று அது. "இருக்கா. நான் முன்பாட்டுன்னா அவ பின்பாட்டுல இருப்பாதானே? மூணாம் அடி முடிஞ்சதும் எல்லாரும் சேந்து எடுப்போம். மத்தவளுங்க தாளம் பாத்து எடுப்பாளுங்க. அவளுக்கு ஏது பொறுமை? ஒருத்தி மட்டும் முன்னாடியே பாஞ்சிருப்பா. அது யாருன்னு நான் சொல்லணுமா?"

ஐயாவு தலையசைத்தார். அந்த அவசரக்காரியை அவருக்குத் தெரியும்.

ஸ்கந்தராஜா கேசட்டைச் செருகி மைக்கை அவர் முன் வைத்தார். "நீங்கள் பேசி முடிக்க நான் ஊசியை விடுறன்."

"பேரச் சொல்லிடுறேன்," என்றார் ஐயாவு. "உன் பேரையே சொல்லிடுறேன்லா, செல்லாயி. போதுமா?"

"போதாதுண்ணே."

அம்பிகை திரும்பிப் பார்த்தாள்.

"நான் பாட்டுக்குப் பேர் கேட்டு வரல. சூடத்த அடிச்சேன். அது பொய்னு சொன்னீங்க. அதுலதான் என் வீட்டுக்காரர் செத்தாருன்னு சொன்னீங்க. என் மக தலையிலயும் அதத்தான் வச்சிருக்கீங்க. அந்தச் சத்தியம் மெய்னு சொல்லுங்க. உங்க வாயால."

"கோயில்ல நாளைக்குச் சொல்றேன்."

"கோயில்ல ஒருநா சொன்னா மறுநா மறந்துடும். இதுல சொல்லுங்க."

"இதுல சொன்னா வருஷா வருஷம் ஓடுமேம்மா! தேர் எடுக்கறப்பல்லாம், ஊரு கூடி நிக்கறப்பல்லாம், நான் சொன்னது தப்புன்னு என் வாயே சொல்லிக்கிட்டு இருக்கும். நான் அங்கதானே நிக்கணும்?"

"நான் நிக்கலியா?"

மழை வலுத்தது. விளக்கு மீண்டும் மங்கியது. ஸ்கந்தராஜாவின் பார்வை பல்பின் மேல் போயிற்று. "ஐயாவு, கரண்ட் போனால் இண்டைக்கு இல்லை. நாளைக்கு இந்தத் தட்டு இருக்குமோ தெரியாது."

ஐயாவு மைக்கை எடுத்தார். இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கேசட்டின் சக்கரங்கள் சுழலத் தொடங்கின.

"வெள்ளப்பாறை மாரியம்மன் சந்நிதியில கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் ஐயாவு பேசுறேன். இப்ப வரப்போற பதிகத்தப் பாடினது செல்லாயி. சன்னாசியோட சம்சாரம்." நின்றார். "அது பாப்பான்னு நான்தான் சொன்னேன். தப்பு. செல்லாயி அம்மன் முன்னால சூடம் அடிச்சுச் சொன்னது மெய். அந்தக் குடும்பத்து மேல விழுந்த பழிக்கு அவ காரணமில்ல. நான் காரணம்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் தலையசைத்தார். ஸ்கந்தராஜா ஊசியை இறக்கினார்.

செல்லாயியின் குரல் எழுந்தது. அவள் அதைக் கேட்கவில்லை, ஐயாவுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி கீறலைக் கடந்தது, மீண்டும் கடந்தது. ஒவ்வொரு முறையும் நால்வரும் மூச்சடக்கி மூச்சுவிட்டார்கள். முதலடி, இரண்டாமடி. மூன்றாமடி முடிவை நோக்கி இறங்கியது. ஐயாவு முன்னால் சாய்ந்தார்.

பின்பாட்டு எழுவதற்கு ஒரு நொடி முன்னரே, தாளத்தை மதியாமல், ஒற்றைக் குரல் ஒன்று பாய்ந்து வந்தது. அது கனத்த குரலாகவும் இல்லை, இழையவும் இல்லை. சற்றே மூக்கால் பாடும், நேரத்தை முந்திக்கொள்ளும், ஓர் இளம்பெண்ணின் குரல். மறுகணம் மற்றவர்கள் வந்து அதை மூடிக்கொண்டார்கள்.

"வந்துட்டா," என்றார் ஐயாவு, உரக்க.

மைக் இன்னும் அவர் கையில் திறந்தே இருந்தது. ஸ்கந்தராஜாவின் கை பொத்தானை நோக்கிப் பாய்ந்து, நடுவழியில் நின்றது. மறுமுறை பதியத் தட்டு தாங்காது. பாட்டின் நடுவே அந்தச் சொல்லும் நாடாவில் ஏறிவிட்டது. செல்லாயி ஸ்கந்தராஜாவைப் பார்த்து, நிறுத்த வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நாடா ஓடிக்கொண்டிருந்தது.